கால்வாய்க்கு மேலே ஓடும் ரயில்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், சென்னை சென்று வந்த உறுப்பினர்கள் பேசியதன் எழுத்து வடிவம்)



சென்னைக் கண்காட்சிக்குப் போய் வந்த அனுபவத்தைச் சொல்லச் சொன்னார்கள். வியாபாரக் கணக்கைப் போன கூட்டத்திலேயே பொருளாளர் வாசித்துவிட்டார். காராச்சேவு மூணாம் நாளே தீர்ந்தது, துணிப்பையில் பாதி திரும்பி வந்தது, எல்லாம் உங்களுக்குத் தெரியும். அதனால் இன்றைக்கு வேறு ஒன்றைப் பேசப்போகிறோம். சென்னையில் ஓடுகிற பறக்கும் ரயிலைப் பற்றி. சிரிக்காதீங்க. வெடி ஆபீஸுக்கும் தீப்பெட்டி ஆபீஸுக்கும் போகிற நமக்கு மெட்ராஸ் ரயில் எதுக்குன்னு நினைக்கலாம். ஏன்னு சொல்றோம்.

நம் கூட்டமைப்பில் ஒரு அக்கா. பெயர் வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க. 2013-ல் அவங்க தங்கச்சியை அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தது. குழுவில் 10,000 ரூபாய் உள்கடன் வாங்கிக்கிட்டு அக்கா துணைக்குப் போனாங்க. தங்கினது வேளச்சேரியில் ஒரு சொந்தக்காரங்க வீட்டில். காலையில் கஞ்சி காய்ச்சி, தூக்குவாளியில் ஊத்தி எடுத்துக்கிட்டு ஆட்டோ. சாயங்காலம் திரும்பி வர ஆட்டோ. போக 100, வர 100. மொத்தம் 35 நாள். மனக்கணக்காவே போடுங்க, 7,000 ரூபாய். வாங்கின கடனில் பத்தில் ஏழு பங்கு ஆட்டோவுக்கே போயிருச்சு. அந்தக் கடனை அடைக்க அக்காவுக்கு ஒன்றரை வருஷம் ஆச்சு. குழுக் கணக்கு நோட்டில் இன்னமும் இருக்கு.

அவங்க தங்கின வீட்டுக்குக் கொஞ்ச தூரத்திலேயே ரயில் நிலையம். ஏறினா ஐந்தாவது நிறுத்தம் கஸ்தூரிபா நகர். அங்கிருந்து ஆஸ்பத்திரி நடக்கிற தூரம்தான். குறைந்தபட்ச டிக்கெட் 5 ரூபாய். போக வர 10 ரூபாய்னா, 35 நாளைக்கு 350 ரூபாய்.

அக்கா அந்த ரயிலைப் பார்க்காமல் இல்லை. தினமும் பார்த்திருக்காங்க. "ஆட்டோவுல போறப்ப தலைக்கு மேல ஓடும்த்தா. அது கம்ப்யூட்டர் ஆபீஸுக்குப் போறவக ரயிலுன்னு நெனச்சேன். துட்டு எவ்வளவு கேப்பானோன்னு பயம். யார்கிட்டயும் கேக்கவும் கூச்சம்" என்றார்கள். வீட்டுக்காரங்களும் சொல்லலை. அவங்க வண்டி வச்சிருக்கவங்க, ரயிலில் போனதே கிடையாது.

இந்தக் கதையைக் கேட்ட பிறகுதான், கண்காட்சி முடிஞ்ச மறுநாள் அந்த ரயிலில் ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் போய்ப் பார்த்துருவோம்னு முடிவு செய்தோம். கண்காட்சி நடந்தது நுங்கம்பாக்கத்தில், அன்னை தெரசா மகளிர் வளாகத்தில். அங்கிருந்து மின்சார ரயில் பிடித்துக் கடற்கரை நிலையம் போய், அங்கே மாறினோம்.

கடற்கரை நிலையத்தில் தரையில்தான் இருக்கு. கோட்டை, அப்புறம் பூங்கா நகர் வரைக்கும் சாதாரண ரயில் மாதிரியேதான் போகுது. "எங்கடி பறக்குது?" என்று எங்களில் ஒருத்தி கேட்டுக்கிட்டே வந்தாள். பூங்கா நகர் தாண்டினதும் மெதுவா மேலே ஏறுச்சு பாருங்க. சிந்தாதிரிப்பேட்டை வரும்போது நாம் மாடி வீட்டு மொட்டை மாடிக்குச் சமமா நிக்கிறோம். காயப்போட்ட துணி, தண்ணீர்த் தொட்டி, வத்தல் போட்டுக்கிட்டிருந்த ஒரு பாட்டி, எல்லாம் ஜன்னல் பக்கத்தில். அந்தப் பாட்டி எங்களைப் பார்த்துக் கையாட்டுச்சு.

அதுக்குப் பிறகு கீழே பார்த்தா ஒரு கால்வாய், கறுப்புத் தண்ணி. மூக்கைப் பொத்திக்கணும். ரயில் அந்தக் கால்வாயை விடவே மாட்டேங்குது. கால்வாய் வளைஞ்சா ரயிலும் வளையுது. தூணெல்லாம் கால்வாய்க்குள்ளேயும் கரையிலுமா நிக்குது. இது ஏன் இப்படின்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதுதான் இந்தப் பேச்சில் முக்கியமான விஷயம். கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க.

தாது வருஷப் பஞ்சம்னு நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்பீங்க. 1876-லிருந்து 1878 வரைக்கும் மழை பொய்த்து, சென்னை மாகாணம் முழுக்க லட்சக்கணக்கான ஜனம் செத்த காலம். பிழைக்க வழியில்லாமல் பட்டணத்துப் பக்கம் கூட்டம் கூட்டமா நடந்தே போயிருக்காங்க. வந்த ஜனத்துக்குச் சும்மா கஞ்சி ஊத்த வெள்ளைக்கார அரசாங்கத்துக்கு மனசில்லை. வேலை செய்தால்தான் கூலின்னு சொல்லி, கூவம் ஆத்தையும் அடையாத்தையும் இணைக்கிற மாதிரி ஒரு கால்வாய் வெட்டவச்சாங்க. சுமார் 8 கிலோமீட்டர். அதுக்கு முன்னாடியே வடக்கே எண்ணூர்ப் பக்கம் போக ஒரு கால்வாய் உண்டு, தெற்கேயும் உண்டு. நடுவில் விட்டுப்போன துண்டைப் பஞ்சத்து ஜனம் வெட்டி முடிச்சுது. அப்போ கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபு பேரையே 1878-ல் மொத்தக் கால்வாய்க்கும் வச்சாங்க. வெட்டினது யாரு, பேரு யாருக்குன்னு பாருங்க.

கூலி எவ்வளவு தெரியுமா? பஞ்ச வேலைகளுக்கு 1877-ல் குறைச்சு நிர்ணயம் பண்ணின கூலி, ஆம்பளைக்கு நாள் ஒன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், ஓர் அணா காசு. ஒரு பவுண்டுன்னா அரைக் கிலோகூட இல்லை. பொம்பளைக்கு அதையும்விடக் குறைவு. மண் வெட்டினது ஆம்பளைன்னா, கூடை சுமந்தது நம்ம மாதிரிப் பொம்பளைங்கதானே. நூறு நாள் வேலையில் கண்மாய்க்கரையில் மண் சுமந்தவங்க இங்கே எத்தனை பேர் இருக்கோம்! அரைக் கிலோ தானியத்தை வாங்கிக்கிட்டு நாள் பூரா மண் சுமந்தா உடம்பு என்னாகும்னு சொல்ல வேண்டியதே இல்லை.

ரொம்ப காலம் அந்தக் கால்வாயில் படகு போச்சு. பட்டணத்து அடுப்புக்கு விறகும் உப்பும் படகில் வந்துது. அப்புறம் லாரி வந்துது, ரயில் வந்துது, படகு நின்னுது, சாக்கடைத் தண்ணி சேர்ந்துது. வேறே இடம் கிடைக்காத ஜனம் கரையில் குடிசை போட்டுது.

இதுக்கு நடுவில் டிராம் பற்றியும் ஒரு வார்த்தை. 1895-லேயே சென்னைத் தெருவில் கரண்டில் ஓடுற டிராம் வண்டி வந்தாச்சு. இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் அதுதான். தெருவோட தெருவா, கடைவீதி வழியா, ஜனம் நடக்கிற பாதையிலேயே தண்டவாளம் பதிச்சு ஓட்டினாங்க. வாசலில் நின்னு கையைக் காட்டி ஏறுற மாதிரி. கம்பெனிக்குக் கட்டுப்படியாகாமல் 1953 ஏப்ரலில் நிறுத்திட்டாங்க. தண்டவாளத்தையும் பெயர்த்தெடுத்தாச்சு. எங்களுக்கு என்னமோ அது போனது பெரிய நஷ்டம்னு தோணுது. டிராம் ஜனம் போற இடத்துக்குப் போச்சு. பின்னாடி வந்த ரயில் இடம் கிடைச்ச வழியில் போச்சு.

அதுதான் விஷயம். 1970களில் சென்னைப் போக்குவரத்தைப் பற்றி ஆராய்ச்சி பண்ணி, தெற்கு வடக்கா இன்னொரு ரயில் பாதை வேணும்னு முடிவாச்சு. ஆனா தண்டவாளம் போட இடம் எங்கே? அண்ணா சாலையில் ஒரு சென்ட் வாங்க முடியுமா? வீடுகளை இடிச்சா வழக்கு, இழப்பீடு. யாருக்கும் பணம் குடுக்க வேண்டாத, பட்டா இல்லாத, நீளமா ஒரே கோடாப் போற இடம் எதுன்னு பார்த்தா, பஞ்சத்து ஜனம் வெட்டின கால்வாய். அதுமேலே தூண் போட்டு, தூண் மேலே ரயில் விட்டாங்க. 1980களில் அனுமதி கிடைச்சும் வேலை ஆமை வேகம். 1995-ல்தான் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரைக்கும் முதல் துண்டு திறந்துது. இந்தியாவில் இப்படி உயரத்தில் ஓடுற நகர ரயில் அதுதான் முதல்னு சொல்றாங்க. 1997-ல் திருமயிலை. அதுக்கடுத்த கட்டத்தில் செலவில் மூணில் ரெண்டு பங்கை மாநில அரசும், ஒரு பங்கை ரயில்வேயும் போட்டு, 2004 ஜனவரியில் திருவான்மியூர், 2007 நவம்பரில் வேளச்சேரி. மொத்தம் 19 கிலோமீட்டர் சொச்சம். ஆராய்ச்சி தொடங்கினப்போ பிறந்த குழந்தைக்கு, வேளச்சேரி ரயில் வரும்போது கல்யாணம் ஆகிக் குழந்தையே இருந்திருக்கும்.

வேளச்சேரியோட முடியலை கதை. அங்கிருந்து பரங்கிமலைக்கு இன்னும் 5 கிலோமீட்டர் போட்டா, தாம்பரம் போற மின்சார ரயிலோடயும் மெட்ரோவோடயும் சேர்ந்துரும். 2008-ல் வேலை தொடங்கினாங்க. ஆதம்பாக்கம் பக்கம் சுமார் அரைக் கிலோமீட்டர் நிலத்துக்கு இழப்பீடு வழக்கு. அது கோர்ட்டில் வருஷக்கணக்கா இழுத்து, 2025-ம் வருஷம் முடியுற வரைக்கும் அந்த அஞ்சு கிலோமீட்டரில் ஒரு பயணிகூட ஏற முடியலை. தூணெல்லாம் ரெண்டு பக்கமும் கட்டி நிக்க, நடுவில் மட்டும் ஓட்டை. பட்டா உள்ள நிலம்னா இப்படி, பட்டா இல்லாத ஜனம்னா வேற மாதிரி.

அந்த வேற மாதிரியையும் சொல்லணும். கால்வாய்க் கரையிலும் ஆத்தங்கரையிலும் குடிசை போட்டிருந்தவங்களை வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டாங்க. 2000-க்குப் பிறகு கண்ணகி நகர், அப்புறம் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். அடுக்குமாடி வீடு உண்டு. ஆனா பறக்கும் ரயில் அந்தப் பக்கம் போகாது. மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் வீட்டு வேலை செய்துக்கிட்டிருந்த பொம்பளைங்க பஸ் ஏறி அங்கேயேதான் வேலைக்கு வந்தாகணும். கண்காட்சியில் எங்களுக்குப் பக்கத்து ஸ்டாலில் ஊறுகாய் போட்டிருந்த சென்னைக் குழு அக்கா ஒருத்தங்க அப்படித்தான். "எங்க வூடு இருந்த எடத்து மேலதாம்மா ரயில் போவுது. எனக்கு மட்டும் ரெண்டு பஸ் மாறணும்" என்றாங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. நாங்கதான் என்ன சொல்றதுன்னு தெரியாமல் ஊறுகாய் ரெண்டு பாட்டில் வாங்கினோம்.

சரி, ரயிலுக்குத் திரும்புவோம். நமக்கு எது உபயோகம்னு பார்க்கிற கண்ணோடதான் போனோம். நம் ஊர் ஆளுங்க சென்னைக்குப் போறது எதுக்கு? கோயில், கல்யாணம், பிள்ளை வேலைக்கு இன்டர்வியூ, எல்லாத்துக்கும் மேலே ஆஸ்பத்திரி. இந்த ஒரு பாதையில் ஆஸ்பத்திரி எத்தனை வருது பாருங்க. பூங்கா நகரில் இறங்கினா ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, நாம ஜி.ஹெச்.னு சொல்றது. சென்ட்ரல் ஸ்டேஷனும் அங்கேதான். சேப்பாக்கத்தில் இறங்கினா, பிரசவத்துக்குப் பேர்போன கோஷா ஆஸ்பத்திரி பக்கம். இப்போ கஸ்தூரிபா காந்தி மருத்துவமனைன்னு பேரு. கஸ்தூரிபா நகரில் இறங்கினா அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. கஸ்தூரிபா பேரைக் கேட்டு ஒன்றுக்குப் பதில் இன்னொன்றில் இறங்கிடாதீங்க, ரெண்டுக்கும் நடுவில் நிறைய தூரம். அடையாறு ஆஸ்பத்திரி இருக்கிற ரோட்டுக்குப் பேரே கால்வாய்க்கரைச் சாலைதான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியில் 1954-ல் தொடங்கினது. தன் தங்கை புற்றுநோயில் இறந்ததைப் பார்த்து, இனி யாருக்கும் இப்படி ஆகக்கூடாதுன்னு ஆரம்பிச்சாங்க. ஒரு அக்கா தன் தங்கச்சிக்காக நினைச்ச ஆஸ்பத்திரிக்குத்தான், நம்ம அக்காவும் தன் தங்கச்சிக்குக் கஞ்சி கொண்டுபோனாங்க. அந்தத் தங்கச்சி இப்போ நல்லா இருக்காங்க, இந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்காங்க. வருஷத்துக்கு ஒரு தடவை செக்கப்புக்கு அக்காவும் தங்கச்சியும் போறாங்க, இப்போ ரயிலில்.

மத்த நிலையங்களையும் சொல்லிடுறோம், தேவைப்படுறவங்க எழுதிக்கோங்க. சேப்பாக்கத்துக்கு அடுத்து திருவல்லிக்கேணி, பார்த்தசாரதி கோயிலுக்கு. அப்புறம் கலங்கரை விளக்கம், மெரினா பார்க்கணும்னா இதில் இறங்கலாம். முண்டகக்கண்ணியம்மன் கோயில், இது 2014-ல்தான் திறந்த நிலையம். திருமயிலை, கபாலீசுவரர் கோயிலுக்கு. மந்தைவெளி, கிரீன்வேஸ் சாலை, அதைத் தாண்டினதும் அடையாறு ஆற்றுக்கு மேலே பாலம், கோட்டூர்புரம், கஸ்தூரிபா நகர், இந்திரா நகர், திருவான்மியூர். திருவான்மியூர் நிலையத்துக்குப் பக்கத்திலேயே டைடல் பூங்கா, 2000-ல் திறந்த கம்ப்யூட்டர் கட்டடம். நம் பிள்ளைகள் வேலைக்குப் போறது இந்த வட்டாரத்தில்தான் அதிகம். பிறகு ரயில் கால்வாயை விட்டுட்டு மேற்கே திரும்புது. தரமணி, பெருங்குடி, வேளச்சேரி.

நல்லதை மட்டும் சொன்னால் ஆகாது. நிலையங்களைக் கட்டினவங்க, மேலே கடை வரும், ஆபீஸ் வரும், வாடகையில் ரயில் ஓட்டிரலாம்னு நினைச்சு அரண்மனை மாதிரி கட்டிட்டாங்க. வந்த கடை கொஞ்சம்தான். ஹாலு ஹாலா காலியாக் கிடக்குது. பகலில் பதினொரு மணிக்கே ஒரு நிலையத்தில் நாங்கள் ஐந்து பேரும் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் படி இறங்கினோம். படியும் கொஞ்ச நஞ்சமில்லை. முட்டி வலி உள்ளவங்க நின்னு நின்னுதான் ஏறணும். எல்லா இடத்திலும் நகரும் படி ஓடுதுன்னு நம்பிப் போகாதீங்க. ராத்திரி எட்டு மணிக்கு மேலே ஒத்தையாப் போகிற பொம்பளைக்கு அந்தக் காலி ஹால் பயம்தான். அங்கே வேலைக்குப் போய் வர்ற பெண்களும் இதைத்தான் சொன்னாங்க: "ரயிலில் பயமில்லை, நிலையத்தை விட்டு வெளியே வர்றதுதான் பயம்."

இதுக்காகச் சில விஷயம் தெரிஞ்சு வச்சுக்கோங்க. ஒவ்வொரு மின்சார ரயிலிலும் பெண்கள் பெட்டி உண்டு. அதில் ஆண் ஏறினால் ரயில்வே சட்டப்படி 500 ரூபாய் வரை அபராதம். 12 வயசுக்கு உட்பட்ட பையனை நம்மகூடக் கூட்டிட்டுப் போகலாம். ஏதாவது தொந்தரவுன்னா 139. நாட்டில் எந்த ரயிலில் இருந்தாலும் இதே எண்தான். நம்ம பொதிகையில் விருதுநகர், சிவகாசி போகும்போதும் இதுதான். போனில் இப்பவே பதிஞ்சு வச்சுக்கோங்க, பட்டன் போன்னாலும் பரவாயில்லை.

கட்டணம் குறைவு, ஆபத்தும் குறைவு, ஆனா ஆரம்பத்தில் ரொம்ப வருஷம் இந்த ரயில் பாதிக் காலியாத்தான் ஓடியிருக்கு. ஏன்? கேட்டுப் பார்த்தோம். இறங்கின இடத்திலிருந்து வீட்டுக்குப் பஸ் இல்லை. பஸ் ஸ்டாப் ஒரு பக்கம், நிலையத்தோட வாசல் இன்னொரு பக்கம், நடுவில் கால்வாய். சுத்திக்கிட்டு வரணும். இடம் சும்மா கிடைக்குதுன்னு போட்ட பாதை, ஜனத்துக்குப் பின்பக்கமாப் போயிருச்சு. வேளச்சேரி வரைக்கும் வந்து, ஐ.டி. ஆபீஸும் பெருகின பிறகுதான் கூட்டம் கூடுச்சு. 2023 ஆகஸ்டில் எழும்பூருக்கும் கடற்கரைக்கும் நடுவில் நாலாவது பாதை போட வேண்டியிருக்குன்னு, கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையில் ரயிலை நிறுத்திட்டாங்க. 2024 அக்டோபர் கடைசியில்தான் திரும்ப விட்டாங்க. பதினாலு மாசம். அந்தப் பதினாலு மாசமும் பாரிமுனைக்கு வேலைக்குப் போனவங்க சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி பஸ்ஸுக்கு ஓடினாங்க. இல்லாதப்போதான் அருமை தெரியும்கிறது இதுதான். இப்போ இந்த ரயிலை மெட்ரோ நிறுவனத்தோட சேர்க்கிற பேச்சும் நடந்துக்கிட்டிருக்கு. ரயில்வே 2025-ல் கொள்கை அளவில் சம்மதம் சொல்லியிருக்கு. சேர்த்தா நிலையம் பளபளன்னு ஆகும். குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாயாகவே இருக்குமாங்கிறதுதான் எங்க கேள்வி. மெட்ரோவில் ஆரம்பமே 10 ரூபாய். 2015-ல் சென்னை மெட்ரோவோட முதல் ரயிலை ஓட்டினது ஒரு பெண். அதைக் கேட்டு எங்களுக்குப் பெருமைதான். ஆனா வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணும் அதில் ஏற முடியணுமில்லையா?

மெட்ரோ நமக்கும் ரொம்ப தூரமில்லை. மதுரையில் திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரைக்கும் மெட்ரோ போட மாநில அரசு திட்டம் அனுப்பியிருந்தது. திருமங்கலம் நம்ம விருதுநகர் ரோட்டில் பாதி வழி. 2025 நவம்பரில், மதுரையில் ஜனத்தொகை போதாதுன்னு மத்திய அரசு அதைத் திருப்பி அனுப்பிருச்சு. நகரத்துக்கே ஜனத்தொகை போதாதுன்னா, நம்ம கிராமத்துக்குக் கேக்கவா வேணும்னு ஒருத்தி சொன்னாள்.

ஆனா நமக்கும் ரயில் வரலாறு இருக்கு. மதுரை தூத்துக்குடிப் பாதை 1876-லேயே விருதுநகர் வழியா வந்தாச்சு, அப்போ ஊருக்கு விருதுபட்டின்னு பேரு. சிவகாசிக்கு ரயில் கிடையாது. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கத்துக்கக் கல்கத்தா போனப்போ, விருதுபட்டிக்கோ சாத்தூருக்கோ வந்துதான் ரயிலேறியிருக்க முடியும். 1927-ல் விருதுநகர் தென்காசிப் பாதை திறந்த பிறகுதான் திருத்தங்கல், சிவகாசி, திருவில்லிபுத்தூர், ராஜபாளையத்துக்கு ரயில். தீப்பெட்டியும் பட்டாசும் நாடு பூரா போனதுக்கு இந்தப் பாதை ஒரு காரணம்னு பெரியவங்க சொல்வாங்க. சரக்கு போக வழி பண்ணினாங்க. வேலைக்குப் போற நாம இன்னமும் கம்பெனி வண்டியை நம்பித்தான் இருக்கோம். விடிகாலையில் நாலு ஊரைச் சுத்தி ஏத்திக்கிட்டுப் போவான், சாயங்காலம் நிறைஞ்ச பிறகு கிளம்புவான். வண்டியில் எத்தனை பேர் இருப்போம்னு நமக்குத்தான் தெரியும். வண்டியை விட்டா, பிறகு ஷேர் ஆட்டோ.

2021 மே மாசத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. நல்ல திட்டம், மாசம் ஆயிரம் ரூபாய் மிச்சம்னு சொன்ன உறுப்பினர்கள் நம்மிடம் உண்டு. ஆனா அது டவுன் பஸ் வர்ற ஊருக்குத்தான். நம் கூட்டமைப்பில் இருக்கிற 11 ஊரில் மேற்கே மூணு ஊருக்கு டவுன் பஸ் காலையில் ஒன்பதரைக்கு வருது. ஒன்பதரைக்கு யாரு வேலைக்குப் போறா? ஆபீஸ் திறக்கிறது எட்டு மணிக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி டெப்போவில் போய்க் கேட்டோம். "கலெக்‌ஷன் இல்லைம்மா" என்றார்கள். வேலை நேரத்துக்கு விடாத பஸ்ஸில் கலெக்‌ஷன் எங்கிருந்து வரும்? பறக்கும் ரயிலுக்கும் அப்போ இதையேதான் சொல்லியிருப்பாங்க.

போன தடவை நாம செய்த தப்பு, "பஸ் வேணும்" என்று மட்டும் எழுதிக் குடுத்தது. எந்த நேரம், எந்த வழி, எங்கே நிக்கணும், எத்தனை பேர் ஏறுவோம்னு எழுதலை. அவங்களுக்கு வசதியான நேரத்தில், வசதியான வழியில் ஒரு பஸ்ஸை விட்டுட்டு, குடுத்தாச்சுன்னு சொல்லிட்டாங்க. இந்தத் தடவை கணக்கோட போறோம். 2025 ஜூனில் தொடங்கின புது மினிபஸ் திட்டத்தில் 25 கிலோமீட்டர் வரைக்கும் வழித்தடம் குடுக்கலாம், பஸ் போகாத ஊருக்கு முன்னுரிமை. மினிபஸ்ஸில் டிக்கெட் எடுக்கணும், அதையும் மறைக்காமல் சொல்லிடுறோம். அதனால முதல் கோரிக்கை டவுன் பஸ் நேரத்தை மாத்துறது. ரெண்டாவதுதான் மினிபஸ்.

ஒவ்வொரு ஊர் ஊக்குநரும் வீடு வீடாப் போய் எழுதிட்டு வர ஒரு தாள் தயார் பண்ணியிருக்கோம். காலையில் எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புறீங்க, எங்கே போறீங்க, என்னத்தில் போறீங்க, நாளைக்கு எவ்வளவு செலவு, திரும்ப எத்தனை மணி. அவ்வளவுதான். வெடி ஆபீஸ் மட்டுமில்லை, அச்சாபீஸ், மில்லு, காட்டு வேலை, காலேஜ் போற பிள்ளை, ஆஸ்பத்திரிக்கு மாசா மாசம் சுகர் மாத்திரை வாங்கப் போற பெரியம்மா, எல்லார் பேரும் வேணும். மூணு ஊர்க் கணக்கு வந்துருச்சு, 214 பேர். மீதி எட்டு ஊர் வரணும். அடுத்த கூட்டத்துக்குள்ள வந்தா, அதுக்கடுத்த திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மக்கள் குறைதீர்க்கும் நாளில் நாம எல்லாரும் போய்க் குடுக்கலாம். அக்கா அந்த 7,000 ரூபாய்க் கணக்கையும் மனுவோட வைக்கச் சொல்லியிருக்காங்க. அது சென்னைக் கணக்குதானே அக்கான்னு கேட்டோம். "இருக்கட்டும், கேக்காமப் போனா எவ்வளவு ஆகும்னு அவகளும் பாக்கட்டும்" என்றாங்க.

தாள் மேஜை மேலே இருக்கு, ஊருக்கு அஞ்சு எடுத்துக்கோங்க. பின்னாடி சிலர் எழுந்திரிக்கிறது தெரியுது. நாலே முக்கால் பஸ்ஸை விட்டா அடுத்தது ஏழு மணிக்குத்தான். அதனால இத்தோட நிறுத்திக்கிறோம்.